காய்ந்த பூ பதித்த மைப்பேனா: முப்பத்தெட்டாயிரம் தகுமா?

மைத்துளி | வியாழன், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக என் தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு பேனாவைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர்க் கடை ஒன்றில் வெளிநாட்டு மைப்பேனா வந்திருக்கிறது. உலர்ந்த பூக்களைக் கருவாக வைத்துச் செய்தது. மொத்தம் முந்நூறுதானாம்; மூடியின் வளையத்தில் எண் பொறித்திருக்கிறது. உடல் கண்ணாடி போலத் தெளிவு. அதற்குள் பழைய ரோஜா நிறம், தேயிலைச் சாய நிறம், காய்ந்த கறிவேப்பிலை நிறம் என்று இதழ்கள் அங்கங்கே மிதக்கின்றன. பதினான்கு காரட் தங்க நிப். விலை 38,000 ரூபாய். "உள்ளே இருப்பது நிஜப் பூ அம்மா" என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார்.

நான் பேனாவை அலமாரியில் வைத்துக் கும்பிடுகிறவள் இல்லை. தினமும் நான்கைந்து பக்கம் கையால் எழுதுகிற வேலை. ஆகவே கேட்கிறேன்: பூவைப் பேனாவுக்குள் வைக்க முடியுமா? வைத்தால் நிறம் நிற்குமா? அதில் மை ஊற்றி எழுதலாமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பில் எல்லோரும் நோட்டுக்குள் மயிலிறகு வைத்து அது குட்டி போடுமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் அட்லஸுக்குள் செம்பருத்தி வைத்தேன். குட்டி போடவில்லை; ஆப்பிரிக்காவின் மேற்குப் பாதி ஊதாவாகிவிட்டது. அந்த அட்லஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. பேனாவைப் பார்த்ததும் அந்தப் பக்கம்தான் நினைவுக்கு வந்தது. அதனால் என் கண்ணை நானே நம்பவில்லை.

---

பாரிமுனைவாசி | வியாழன், இரவு 10.15

அம்மா, பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ வாசலில் நின்று பேனா பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். நாற்பது ஆண்டுகளில் கற்றது இதுதான்: எழுதுவது நிப், விற்பது உடல். பெரிய கம்பெனிகள் ஒரே நிப்பை, நிப்புக்கு மை கொண்டுவரும் ஒரே நாக்கை, விரல் பிடிக்கும் ஒரே கழுத்தை வைத்துக்கொண்டு மேல்சட்டையை மட்டும் மாற்றுவார்கள். இந்த ஆண்டு செர்ரிப் பூ, அடுத்த ஆண்டு நிலவொளி, அதற்கடுத்த ஆண்டு காய்ந்த பூ. சட்டைக்கு ஒரு எண்ணைக் குத்திவிட்டால் விலை இரட்டிப்பு.

கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள். அதே நிப் போட்ட சாதாரணக் கறுப்புப் பேனா என்ன விலை? அந்தப் பதிலைக் கழித்தால் மீதி வருவது பூவின் விலை.

---

கடைசல்காரன் | வெள்ளி, காலை 6.05

பட்டறை திறக்குமுன் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுக்கவும்.

நான் திருவள்ளூர்ப் பக்கம். ரங்கா பேனாக்களால் இந்த ஊரின் பெயர் எபோனைட் பேனா எழுதுகிறவர்களுக்கெல்லாம் தெரியும். எனக்கும் தொழில் எபோனைட்தான். ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்து வேகவைத்த கட்டை அது. லேத்தில் கொடுத்தால் வெண்ணெய் மாதிரிச் சுருண்டு வரும், பட்டறை முழுதும் கந்தக வாடை அடிக்கும். ரெசின் வார்ப்பை, அதாவது திரவப் பிசினை அச்சில் ஊற்றி இறுகவிடுவதை, நான்கைந்து ஆண்டுகளாகத்தான் செய்து பார்க்கிறேன்.

பூவை வைக்கலாம் அக்கா. கஷ்டம் எங்கே என்று சொல்கிறேன்.

முதலாவது ஈரம். வெயிலில் காய்ந்த பூ கைக்குச் சருகாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். ரெசின் இறுகும்போது சூடு கிளம்பும். அந்தச் சூட்டில் ஈரமும் இதழுக்குள் அடைபட்ட காற்றும் வெளியே வரப் பார்க்கும், வழி கிடைக்காது; இதழைச் சுற்றி வெள்ளி மணி கோத்த மாதிரிக் குமிழிகள் நின்றுவிடும். ஆகவே சிலிக்கா ஜெல்லில் புதைத்து நாள்கணக்கில் உலர்த்த வேண்டும். அதற்குப் பிறகும் அச்சை அழுத்தக் கலத்துக்குள் வைத்துத்தான் இறுகவிட வேண்டும். நான் நாற்பது, ஐம்பது பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் கொடுப்பேன். குமிழிகள் காணாமல் போவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நசுங்கிவிடுகின்றன.

இரண்டாவது இடம். இதை யாரும் யோசிப்பதில்லை. பேனா உடலின் வெளி விட்டம் பதின்மூன்று மில்லிமீட்டர் என்று வையுங்கள். கன்வெர்ட்டர் (மை உறிஞ்சி வைக்கும், கழற்றி மாட்டும் சிறு குழாய்) போக உள்ளே ஒன்பது வரை துளை போட வேண்டும். மிச்சமுள்ள சுவர் பக்கத்துக்கு இரண்டு மில்லிமீட்டர். மரை வெட்டும் இடத்தில் இன்னும் மெல்லியது. இந்த இரண்டு மில்லிமீட்டருக்குள் எந்தப் பூ முழுசாக உட்காரும்? உருண்டைப் பூவை அப்படியே வார்த்துக் கடைந்தால் உளி பாதிப் பூவைச் சீவிக்கொண்டு போய்விடும். சீவிய இடத்தில் இதழின் வெட்டு வாய் திறந்து நிற்கும். உள்பக்கம் அப்படித் திறந்திருந்தால், திரி எண்ணெயை இழுப்பதுபோல அது மையை இழுக்கும்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் செய்வது வேறு. முதலில் மெல்லிய குழாய் ஒன்றைக் கடைந்து, அதன் முதுகில் அழுத்தி உலர்த்திய இதழ்களை ஒட்டி, மேலே தெளிவான ரெசினை ஊற்றி, பிறகு வெளியே மட்டும் கடைவார்கள். மைக்கும் பூவுக்கும் நடுவே சுவர் இருக்கும். அப்படிச் செய்தது என்றால் தைரியமாக எழுதலாம். ஆனால் கன்வெர்ட்டர் போட்டுத்தான். உடலுக்குள் நேரே மை ஊற்றுகிற பழைய பழக்கம் இதற்கு ஆகாது.

நிஜப் பூவா அச்சடித்த படமா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கடையில் அதே பேனா இரண்டு இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு செடியில் பூத்த இரண்டு பூக்கள்கூட ஒரே மாதிரி காயாது.

---

உலர்மலர் | வெள்ளி, பிற்பகல் 1.30

நிறத்தைப் பற்றி நான் சொல்கிறேன். உலர்ந்த செடிகளோடுதான் எனக்குப் பிழைப்பு, கோயம்புத்தூரில்.

அட்லஸில் ஆப்பிரிக்காவைக் கெடுத்தது ஆந்தோசயனின் என்ற நிறமி. செம்பருத்தி, ரோஜா, சங்குப்பூ எல்லாவற்றிலும் இருக்கிறது. நீரில் கரையும்; புளிப்புப் பட்டால் சிவக்கும், காரம் பட்டால் நீலமும் பச்சையுமாக மாறும். சங்குப்பூத் தேநீரில் எலுமிச்சை பிழிந்தவர்களுக்கு இது தெரியும். வெளிச்சம் இதற்கு எமன். இதழ் காயும்போது அதிலுள்ள வேறு பொருள்கள் காற்றோடு சேர்ந்து பழுப்பாகின்றன, வெட்டிய வாழைக்காய் கறுப்பதுபோல. இலையின் பச்சை ஆலிவ் நிறத்துக்கு இறங்குகிறது. வெள்ளைப் பூ தேநீர்க் கறை மாதிரி ஆகிறது. நீங்கள் சொன்ன மூன்று நிறங்களும் அப்படியே பொருந்துகின்றன. அந்தப் பேனாவை வடிவமைத்தவர் உலர்ந்த பூக்களை உற்றுப் பார்த்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உள்ளே வைத்திருக்கிறாரா என்பது வேறு கேள்வி.

சரி, நிறம் நிற்கிற பூவே கிடையாதா? நம் கொல்லையிலேயே இருக்கிறது: வாடாமல்லி. அதன் நிறமி வேறு குடும்பம். பீட்ரூட்டுக்கு நிறம் தருகிற பீட்டாலெய்ன். அதைவிட முக்கியமானது, நாம் பூ என்று பார்க்கும் அந்த ஊதா உருண்டை முழுதும் பூவடிச் செதில்கள். உண்மையான பூ அதற்குள் சிறுபுள்ளியாக ஒளிந்திருக்கும். செதில்கள் செடியில் இருக்கும்போதே காகிதம் மாதிரிதான், தண்ணீர் மிகக் குறைவு. வாடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. சேலைக் கடையில் "வாடாமல்லி நிறம்" என்றால் விளக்கம் சொல்லாமலே எடுத்துப் போடுகிறார்கள் அல்லவா, அவ்வளவு நம்முடையதாகிவிட்டது. ஆனால் செடி நடு அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது.

திசை மாறுகிறேன் என்றாலும் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பூவை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி வைக்கும் முறை 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் தாவரவியலாளர் லூக்கா கினி காலத்தில் பரவியது. அது நம் கரைக்கு வந்த வழிகளில் ஒன்று தரங்கம்பாடி. செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸிடம் பயின்ற கோனிக் 1768-இல் அங்கு வந்தார். 1776-இல் வந்த ரொட்லர் பாதிரியார் ஊர் ஊராகப் போய்ச் செடிகளைச் சேகரித்து உலர்த்தினார். அதே ரொட்லர்தான் தமிழ்-ஆங்கில அகராதியும் தொகுத்தவர். 1836-இல் அவர் இறக்கும்போது அது முழுதாக அச்சாகியிருக்கவில்லை. அவருடைய உலர்செடிகள் பின்னால் இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு கையில் சொல், ஒரு கையில் காய்ந்த பூ. இந்தப் பேனா யாருக்காவது பொருந்தும் என்றால் அவருக்குத்தான்.

---

பாரிமுனைவாசி | வெள்ளி, பிற்பகல் 2.10

அவர் இறகை வெட்டி எழுதியிருப்பார். அதற்கு முப்பத்தெட்டாயிரம் கேட்டிருக்க மாட்டார்கள்.

---

கன்சாய்த் தமிழன் | வெள்ளி, மாலை 5.50

ஜப்பானிலிருந்து. இங்கே அழுத்தி உலர்த்திய பூக்களைக் கொண்டு படம் செய்வதை ஒஷிபனா என்று பெயர் சொல்லிக் கற்றுக்கொடுக்கிறார்கள். என் வீட்டுக்காரம்மா ஒரு பருவம் போனார். எங்கள் வீட்டுத் தொலைபேசிப் புத்தகம் முழுதும் இன்னும் மஞ்சள் கறை.

பேனாவில் பூ என்றால் இங்கே முதலில் நினைப்பது மாகி-எ. அரக்கால் கோடு இழுத்து, அது காய்வதற்குள் தங்கப்பொடியைத் தூவுகிற வேலை. இந்தப் பேனாக்களுக்குப் பெயர்போன நமிக்கி கம்பெனி 1918-இல் தொடங்கியது. 1930-இல் இங்கிலாந்தின் டன்ஹில் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு இந்தப் பேனாக்களை மேல்நாட்டுக்கு அனுப்பினார்கள். அந்த அரக்கு உருஷி மரத்துப் பால். அது "உலர" ஈரக்காற்று வேண்டும்; வறண்ட அறையில் வைத்தால் பிசுபிசுப்பாகவே கிடக்கும். ஈரமான பெட்டிக்குள் வைத்து உலர்த்துகிறார்கள் என்று ஊரில் சொன்னபோது என் சித்தப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நான் கேட்க வந்தது வேறு. மைத்துளி அக்கா, உங்களுக்கு வேண்டியது அந்த நிறமா, அந்தப் பேனாவா? நிறம்தான் என்றால் மையில் தேடுங்கள். இங்குள்ள செய்லர் பேனாக் கம்பெனியின் இங்க் ஸ்டுடியோ வரிசையில் 123 என்று ஒரு மை இருக்கிறது. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். தாளில் விழும்போது சாம்பல். காயக் காய ஓரத்தில் இளம் ஊதா, நடுவில் பாசிப்பச்சை. தாளைப் பொறுத்து மாறும். காய்ந்த ஹைட்ரேஞ்சியா பூக்கொத்து அச்சு அசலாக அந்த நிறம்தான். அகலமான நிப்பில் போட்டால் ஒரு எழுத்துக்குள்ளேயே மூன்று நிறமும் தெரியும். குறை என்னவென்றால் வெளிர் மை, அலுவலகக் கோப்புக்கு ஆகாது.

---

மைத்துளி | ஞாயிறு, காலை 11.20

நேற்றுக் கடைக்குப் போய் வந்தேன். கடைசல்காரத் தம்பி சொன்னபடி இரண்டு பேனாக்களை எடுத்து வைக்கச் சொன்னேன். 117, 118 என்று அடுத்தடுத்த எண்கள்.

கீழே கறுப்புத் துணி, பக்கவாட்டில் கைப்பேசி விளக்கு. 117-இல் மூடிக்குக் கீழே மூன்றாவதாக இருக்கும் இதழின் ஓரத்தில் பூச்சி அரித்தது போல ஒரு சின்னப் பல். அழகான பல், அதைப் பார்த்துத்தான் முதல் நாளே நான் மயங்கியிருந்தேன். 118-ஐத் திருப்பினேன். மூன்றாவது இதழ், அதே ஓரம், அதே பல்.

கடைக்காரர் கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு "எனக்கும் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள்" என்றார். பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்துப் படித்தோம். உலர்ந்த மலர்களின் அழகால் உருவான வடிவம் என்றுதான் இருந்தது. பூ உள்ளே இருப்பதாக எங்கும் ஒரு சொல் கிடையாது.

ஐயா கேட்கச் சொன்ன கேள்வியையும் கேட்டேன். அதே நிப் போட்ட கறுப்புப் பேனா 17,500.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மையில் தொட்டு எழுதிப் பார்த்தபோது கை விடவில்லை. நிப் தாளில் வழுக்காமல், கீறாமல், பென்சில் மாதிரி மெல்ல உரசிக்கொண்டு போனது. வாங்காமல் வந்ததற்குக் காரணம் அந்தப் பல்தான்.

---

நெறியாளர் | ஞாயிறு, பகல் 12.00

கடையின் பெயர் கேட்டு மைத்துளி அவர்களுக்குத் தனிச்செய்தி அனுப்பும் நண்பர்கள் நிறுத்திக்கொள்ளவும். அவர் சொல்லப்போவதில்லை.

---

உலர்மலர் | ஞாயிறு, பிற்பகல் 3.45

கம்பெனியின் பக்கமும் பேச ஓர் ஆள் வேண்டும், நான் பேசுகிறேன். காஞ்சிபுரம் பட்டில் மல்லிமொக்கு போடுகிறார்கள். அதற்குள் மல்லிகை இருக்கிறதா என்று யாரும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. கன்சாய்த் தமிழன் சொன்ன மாகி-எ பேனாவில் தங்கப்பொடிப் பூதான் இருக்கிறது. அதற்குப் பல இலட்சம் கொடுக்கிறார்கள். பூவைப் பார்த்துச் செய்வது ஒரு கலை, பூவையே வைப்பது இன்னொன்று. முதலாவதை ஏன் மோசடி என்கிறோம்? பெட்டித் தாள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. பொய் சொன்னது இடையில் யாரோ ஒருவர்.

---

பாரிமுனைவாசி | ஞாயிறு, மாலை 4.30

மல்லிமொக்கு மல்லிகை மாதிரி நடிப்பதில்லை, தம்பி. அது ஜரிகை, ஜரிகையாகவே நிற்கிறது. மாகி-எ பூவை ஒருவர் உட்கார்ந்து வரைகிறார்; அடுத்த பேனாவில் அவர் கை மயிரிழை தவறும். இங்கே பூச்சிக்கடியையும் சேர்த்து முந்நூறு முறை அச்சடித்திருக்கிறார்கள். பழுது என்பது அந்த ஒரு பூவுக்கு மட்டும் நேர்ந்தது என்று நம்ப வைக்கத்தானே அந்தப் பல்லை விட்டுவைத்தார்கள்? வெறும் வண்ணத்தை ஊற்றி "காய்ந்த ரோஜா நிறம்" என்று விற்றிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

---

உலர்மலர் | ஞாயிறு, மாலை 4.52

பூச்சிக்கடி பற்றிச் சொன்னது சரி. ஒப்புக்கொள்கிறேன்.

---

கடைசல்காரன் | ஞாயிறு, இரவு 8.10

அக்கா, வாடாமல்லி கிடைத்தால் ஒரு கைப்பிடி அனுப்புங்கள். முயன்று பார்க்கலாம். வெற்றி என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

---

கடைசல்காரன் | ஐந்து வாரம் கழித்து, சனி, இரவு 9.00

கேட்டவர்களுக்காக விவரம். ஐந்து கட்டை வார்த்தேன்.

முதலாவதில் ரெசினை ஒரே ஊற்றாக ஊற்றிவிட்டேன். மொத்தமாக ஊற்றினால் சூடு அதிகம் கிளம்பும் என்று தெரிந்தும் அவசரப்பட்டது என் தவறு. ஊதாச் செதில்கள் வற்றல்குழம்பில் போட்ட சுண்டைக்காய் நிறத்துக்கு வந்துவிட்டன. இரண்டாவதில் உலர்த்தியது போதவில்லை, குமிழி. மூன்றாவது பார்க்க அருமையாக இருந்தது. துளை போடும்போது செதில் ஒட்டிய பகுதி அடுக்காகக் கழன்று வெடித்தது. பட்டறைப் பையன் துளைபோடும் பிட்டின் சூட்டைக் குறைசொன்னான். நான் பசையைக் குறைசொன்னேன்.

நான்காவதிலும் ஐந்தாவதிலும் முறையை மாற்றினோம். பூவை உதிர்த்துச் செதில் செதிலாக எடுத்தோம். பாலாடை நிறக் குழாயின் முதுகில் இடுக்கியால் ஒவ்வொன்றாக ஒட்டினோம், மூன்று இரவு. ரெசினை நான்கு தடவையாக மெல்லிய அடுக்குகளாக ஊற்றினோம். நான்காவது உடலுக்கு, ஐந்தாவது மூடிக்கு என்று பிரித்துக்கொண்டேன். ஊதா கொஞ்சம் செங்கல் பக்கம் சாய்ந்திருக்கிறது. ரெசினைக் கெட்டிப்படுத்தும் பொருள் காரத்தன்மை உள்ளது, அதன் வேலையாக இருக்கும் என்று கோவை நண்பர் போனில் சொன்னார். மூடியின் மரைக்கு மேலே ஒரே ஒரு குமிழி நின்றுவிட்டது. பன்னிரண்டாயிரம் எண் உப்புத்தாள் வரை தேய்த்துப் பாலிஷ் போட்டும் அது போகவில்லை. உள்ளே இருப்பது எப்படிப் போகும்?

நிப் எஃகுதான். தங்கம் வேண்டுமானால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், அளவு பார்த்துத்தான் கழுத்து கடைந்திருக்கிறேன். கூலி தனிச்செய்தியில். வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். பூ வெளுப்பதற்கு முன்னால் ரெசினே மஞ்சளாகிவிடும். வெந்நீரில் கழுவ வேண்டாம்.

---

மைத்துளி | புதன், இரவு 10.05

வந்து சேர்ந்தது. மூடியைக் கழற்ற ஒன்றரைச் சுற்று. முதல் நாள் மை இறங்கக் கொஞ்சம் அடம் பிடித்தது. சோப்புத் தண்ணீரில் நாக்கை ஒரு தடவை அலசியதும் சரியாகிவிட்டது. இப்போது கறுப்பு மை போட்டிருக்கிறேன், 123-க்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

அந்தக் குமிழி கட்டைவிரலுக்கு நேரே வருகிறது தம்பி. எழுதாமல் யோசிக்கும்போது மூடியை உருட்டி உருட்டி அதைத்தான் தேடுகிறேன்.

இன்று அலுவலகத்தில் மேசை மேல் வைத்திருந்தேன். பக்கத்து மேசைக்காரர் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ளே என்ன மேடம், மிளகாய் வற்றலா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.